கவிழ்த்து வைத்த சீட்டு

முசெம்பிக்கு இருப்புக்கொள்ளவில்லை. வருகிற வெள்ளிக்கிழமைக்குள் மென்பொருளை முழுதாக முடித்துத் தருவதாகத் தேயிலைச் சங்கத்துச் செயலாளரிடம் காலையில்தான் வாக்குக் கொடுத்திருந்தார். இந்த நேரம் பார்த்து, முசெம்பியின் குழுவை மேசையைச் சுற்றி நிறுத்திச் சீட்டு எடுக்கச் சொல்கிறாள் வங்காரி. புது வேலைமுறையைச் சொல்லித்தர நைரோபித் தலைமையகம் அனுப்பிய பெண்.

"இந்த வேலைக்கு எத்தனை நாள் ஆகும்னு ஆளுக்கொரு எண் சீட்டு எடுத்துக் கவுத்து வையுங்க. நான் சொன்னதும் ஒண்ணா திருப்பணும்."

"எதுக்கும்மா இந்தக் கூத்து? நான் இத்தனை நாள்னு சொல்வேன், அவங்க சரிம்பாங்க."

"அதுக்குத்தான் சார் கவுத்து வைக்கச் சொல்றேன்."

யாரோ இருமலுக்குள் சிரிப்பை ஒளித்தார்கள். முசெம்பி முறைத்துவிட்டு, கையிலிருந்த மண்டாசிப் பணியாரத்தைப் பிய்த்து மெல்லாமலே விழுங்கினார். இத்தனை வருடமாக அவர் சொன்ன நாள்தான் நாள். ஒருத்தரும் முடியாது என்றதில்லை. மனிதருக்கு அதில் கொள்ளைப் பெருமை.

பறித்த இலையின் எடையை விவசாயியின் கைப்பேசிக்கு அனுப்பும் பகுதிதான் முதல் வேலை. சீட்டுகள் திரும்பின. முசெம்பியுடையது மூன்று. குழுவில் நிரல் எழுதும் நெகேசாவுடையது பதிமூன்று. மற்றவர்களில் ஒருவர்கூட எட்டுக்குக் கீழே இல்லை.

"என்ன நெகேசா, தூக்கத்துல எடுத்தியா?"

வழக்கமாகத் தலையாட்டிவிடுகிறவள்தான். இன்று சீட்டு எல்லோர் கண்முன்னாலும் கிடந்தது.

"இல்ல சார். போன தடவையும் நெசமா இவ்வளவு வேலைதான். நீங்க மூணுன்னீங்க. சர்ச்சுக்குக்கூடப் போகாம, ராவு பகல் பாக்காம, வீட்ல உக்காந்து முடிச்சோம்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க எங்க சார் கேட்டீங்க?"

சுருக்கென்று தைத்தது. கோபம்தான் முதலில் வந்தது. அது வாய்வரை வருவதற்குள் வெட்கம் முந்திக்கொண்டது. அந்த நேரம் கைப்பேசி அலறியது. சங்கத்துச் செயலாளர்.

"வெள்ளிக்கிழமைக்கு விவசாயிங்களைத் திரட்டிரவா? மாத்தம் இல்லியே?"

"ஒரு நிமிஷம்யா." முசெம்பி கைப்பேசியைப் பொத்திக்கொண்டு குழுவின் பக்கம் திரும்பினார். குரல் இறங்கியிருந்தது. "எப்பன்னு சொல்லட்டும்? நீங்களே சொல்லுங்கப்பா."

நெகேசாகூடத் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். மற்றவர்கள், அவர் மனதில் எந்த நாள் இருக்கிறது என்று அவர் முகத்தில் தேடிக்கொண்டிருந்தார்கள்.