மைக் நின்ற பிறகு

எரிகிறவனுக்குத்தான் இருட்டு வழிவிடும் என்று முன்னால் போகிற பஸ்ஸின் முதுகில் எழுதியிருக்கிறது, கீழே தலைவரின் பெயர், பிரேக் விளக்கு பற்றும்போதெல்லாம் எழுத்துகள் சிவந்து அடங்குகின்றன, ஆட்டோவில் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஜெனிபர் அதை வாய்க்குள் படிக்கிறாள், நான் பார்வையைத் திருப்பிக்கொள்கிறேன், நாற்பது வருடப் பழக்கம், காலண்டரில், கல்யாணப் பத்திரிகையில், பள்ளிக்கூடச் சுவரில் இந்த வரியைப் பார்க்கும்போதெல்லாம் செய்வது. செத்துப்போன தலைவரின் பேச்சுகளைத் தொகுக்கிற ஆராய்ச்சி மாணவி இவள், நேற்று ஒலிநாடாவோடு என் வீட்டுக்கு வந்தாள், சார், பாளையங்கோட்டை மைதானத்துல பேசினதா எல்லாப் புத்தகத்துலயும் போட்டிருக்கு, ஆனா டேப்புல இந்த வரி இல்ல, மறுநாள் உங்க பத்திரிகையிலதான் முதமுதலா வருது, செய்தி எழுதினது நீங்கதானே என்றாள், நாடாவை ஓடவிட்டாள், தலைவரின் குரல் பாதியில் அறுந்து வெறும் மழை கேட்கிறது, மழை என் மேல் இறங்குகிறது, இருபத்தாறு வயதில் தார்ப்பாய்க்கு அடியில் குறிப்பேட்டை நெஞ்சோடு அணைத்து நிற்கிறேன், மைக் நின்றுவிட்டது, தொலைவில் தலைவரின் வாய் மட்டும் அசைகிறது, கை உயர்கிறது, ஒன்றும் கேட்கவில்லை, அலுவலகத்தில் ஆசிரியர் கேட்கிறார், பேச்சுக்கு முடிவு எங்கய்யா, நான் எழுதிவிட்டேன், ஒரு டீ ஆறுவதற்குள்.

செய்தி வந்த பதினோராம் நாள், லேத் பட்டறையில் வேலை பார்த்த சிவனணைந்தான் என்கிற பையன் அந்த வரியைக் கத்திக்கொண்டே கட்சி ஊர்வலத்தின் நடுவில் தன்மேல் தீ வைத்துக்கொண்டான். இரங்கல் கூட்டத்தில் தலைவரும் அதையே தன் வரியாகச் சொன்னார், இறங்கி வரும்போது என் தோளில் கை வைத்து, என் பேச்ச நல்லா வாங்கிப் போட்டிருக்கீங்க தம்பி என்றார், அது நடந்ததா, கனவா, இப்போது பிரிக்கத் தெரியவில்லை, கனவில் வருகிற அந்தக் கை மட்டும் தோளைவிட்டு எடுபடுவதில்லை. நேற்று நாடா தீர்ந்ததும் ஜெனிபரிடம் சொன்னேன், நான்தாம்மா எழுதினேன், அவர் சொல்லல. அவள் நாடாவை எடுத்துப் பைக்குள் வைத்தாள், பிறகு, நாளைக்கு அந்தப் பையனோட அம்மாவப் பாக்கப் போறேன் சார், அவங்ககிட்ட இத நான் எப்படிச் சொல்ல என்றாள். நீ சொல்லாண்டாம், நானே வாறேன் என்று என் வாய் சொன்னது.

ஆட்டோ நிற்கிறது, சந்துக்குள் நடக்கிறோம், திரும்பி ஓடிவிடலாம் என்று கால் சொல்கிறது, பையனின் அம்மா சொர்ணம்மாள் கதவைத் திறக்கிறாள், எண்பதைத் தாண்டியவள், உக்காருங்க என்கிறாள், நான் உட்காராமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடிக்கிறேன், மண்ணை வாரித் தூற்றுவாள், செருப்பை எடுப்பாள், இரண்டுக்கும் தயாராகக் கண்ணை மூடிக்கொள்கிறேன், ஒன்றும் நடக்கவில்லை, மெல்லத்தான் அவள் குரல் வருகிறது. அன்னைக்கு அவன் மேடைக்குக் கீழதான் நின்னான்யா, மைக்கு நின்ன பொறவு, மழை வலுக்குது, எல்லாரும் பத்திரமா வீடு போய்ச் சேருங்கன்னுதான் தலைவர் சொன்னாரும்மான்னு வந்து சொன்னான், காலையில உங்க பேப்பரப் பாத்துட்டு, எனக்குத்தான் சரியா கேக்கல போலுக்குன்னுட்டான்.