ஆமை ஆறிய வியாழக்கிழமை

1

"யாரும் எதையும் தொடாதீங்க!"

தோளிலிருந்து கைப்பை இறங்கவில்லை. காலிலிருந்து செருப்பு கழலவில்லை. என் மனைவி அப்படியே சமையலறைக்குள் பாய்ந்தாள். மேடைமேல் இருந்த பானையின் கண்ணாடி மூடியைத் தள்ளினாள். பையிலிருந்து தெர்மாமீட்டரை உருவி, அதன் ஊசியைக் கோழித் தொடைக்கும் உருளைக்கிழங்குக்கும் நடுவே செருகினாள்.

மாலை ஆறு நாற்பத்தைந்து.

ஒரு விநாடி. இரண்டு. ஐந்து.

"நாற்பத்தாறு டிகிரி," என்றாள்.

உறவினர்களிடம் கையை விரிக்கும் டாக்டர் இந்தக் குரலில்தான் பேசுவார். என் மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். என் மைத்துனன் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியிலிருந்து தலையை நீட்டி, "செத்துப்போச்சா அக்கா?" என்று கேட்டான்.

[முதலில் இந்தக் கதையை, 'மெல்லிய மழை தூறிக்கொண்டிருந்த ஓர் அந்திப் பொழுதில்' என்று ஆரம்பித்திருந்தேன். அன்று மழை இல்லை. அந்திப் பொழுதைப் பார்க்க யாருக்கும் நேரமும் இல்லை. அடித்துவிட்டேன்.]

2

இந்தக் கதை எப்படிப் பிறந்தது என்று சொல்லிவிடுகிறேன். மறைத்துவைத்து மறைத்துவைத்தே பிழைப்பு நடத்துகிறவன் நான். ஒன்றையாவது முதலிலேயே கொட்டிவிடுவோம்.

இருபத்திரண்டு வருடமாக வாரப் பத்திரிகைகளில் மர்மத் தொடர் எழுதுகிறேன். வாரம் ஒரு பிணம், பண்டிகை மலர் என்றால் இரண்டு. வெள்ளிக்கிழமை இதழாசிரியர் போன் செய்தார்.

"சார், அடுத்தது சமையல் சிறப்பிதழ். தொடருக்கு ஒரு வாரம் லீவு. ஒரு குடும்பக் கதை குடுங்க. கொலை வேண்டாம்."

"சின்னதா ஒரு காயம்?"

"காயமே வேண்டாம் சார். வெங்காயம் இருக்கலாம்."

போனை வைத்தேன். கொலை இல்லாமல் எனக்கு ஒரு வாக்கியம்கூட ஓடாது. யோசித்தேன். முந்தின நாள் மாலை எங்கள் வீட்டுச் சமையலறையில் ஒரு பிணம் கிடந்தது நினைவுக்கு வந்தது. பெயர் ஆமை.

ஆமை என்பது எங்கள் ஸ்லோ குக்கர். காலையில் எல்லாவற்றையும் வெட்டிப் போட்டு, மூடி, சுவிட்சைத் தட்டிவிட்டால், ஊர்ந்து ஊர்ந்து மாலைக்குள் ஒரு முழுச் சாப்பாட்டைக் கரைசேர்த்துவிடும். அன்றைய சரக்கு: கோழித் தொடை எட்டு, உருளைக்கிழங்கு, கேரட், காளான், ஒரு கைப்பிடி பார்லி, நசுக்கிய பூண்டு, தக்காளி, மிளகு. பத்து மணிக்கு ஏற்றினால், எல்லாம் ஒரே பானையில் ஒன்றாக வெந்து, ஆறரைக்கு கேசரோல் தயார். திறந்து திறந்து பார்க்கக் கூடாது.*

* ஒருமுறை மூடியைத் தூக்கினால் இருபது நிமிடச் சூடு போய்விடும். வாசகர்களை ஒரு வாரம் காக்கவைக்கிற நான், அந்த இருபது நிமிடத்தைப் பொறுக்க முடியாமல் எத்தனை கேசரோலைக் கெடுத்திருக்கிறேன் என்று மகள் ஒரு பட்டியல் வைத்திருக்கிறாள்.

3

சாதாரண வியாழக்கிழமை என்றால் பானை ஆறினது ஒரு விஷயமே இல்லை. வேறு எதையாவது சாப்பிட்டுவிட்டு டிவி பார்க்கலாம். ஆனால் அன்று அந்தப் பானைக்குள் கோழியோடு சேர்த்து இரண்டு வருடமும் வெந்துகொண்டிருந்தது.

என் மனைவி உணவுப் பாதுகாப்பு ஆய்வாளர். அவள் தெருமுனையில் திரும்பினாலே ஹோட்டல்காரர்கள் தலைக்கு வலை மாட்டிக்கொள்வார்கள். போன மாதம் அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. இரண்டு ராத்திரி ரயில் பயணத் தூரத்தில் ஒரு புதிய உணவுப் பரிசோதனைக்கூடம். அதை அவள் தலைமையேற்று உருவாக்கித் தர வேண்டும். இரண்டு வருடம். திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் பதில் வேண்டும்.

அவள் போக ஆசைப்பட்டாளா? வாயால் சொல்லவில்லை. ஆனால் காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கத்தில் அந்தக் கூடத்தின் வரைபடத்தைப் போட்டு வைத்திருந்தாள். மாதிரிகள் வைக்கும் குளிர்பெட்டி எங்கே, கை கழுவும் இடம் எங்கே, ஜன்னல் எந்தப் பக்கம். நாலு தடவை அழித்து அழித்து வரைந்திருந்தாள்.

மகளுக்குப் பள்ளியில் கடைசி வருடம். அதனால் நாங்கள் கூடவே கிளம்ப முடியாது. வியாழன் காலை, வேலைக்குப் படியிறங்கும்போது என் மனைவி தீர்ப்பைச் சொன்னாள்.

"என் கை படாம, நான் போன் பண்ணி ஞாபகப்படுத்தாம, ஒரே ஒரு சாப்பாடு இந்த வீட்ல ஏழு மணிக்கு மேஜைக்கு வரட்டும். வந்துச்சுன்னா சரின்னு எழுதறேன். வரலைன்னா இந்தப் பேச்சை இத்தோட விட்டுடலாம்."

"ஒரு வேளைச் சாப்பாட்டை வெச்சா ரெண்டு வருஷத்தை முடிவு பண்றது?"

"ஒரு ஸ்பூன் சூப்பை வெச்சு ஒரு ஹோட்டலையே மூடறவ நான். போங்க, கேரட் நறுக்குங்க."

நறுக்கினேன். பத்து மணிக்கு ஏற்றினேன். ஆமையின் விளக்கு எரிந்தது.

ஆறு நாற்பதுக்கு மகள் பார்த்தபோது விளக்கு எரியவில்லை. அவள் போட்ட கத்தலுக்கும் தாய்க்காரி கதவைத் திறந்ததற்கும் இடையே ஐந்து நிமிடம்.

4

மர்மக் கதை வாசகரே, இனி உங்கள் ஏரியா. வீட்டில் இருந்தவர்கள் மூன்று பேர். வெளியாள் வரவில்லை.

மைத்துனன் எங்களுக்கு மேல் மாடியில் குடியிருக்கிறான். லிஃப்ட் மெக்கானிக். ஐந்து மணிக்கு எங்கள் குழாயைச் சரிபண்ண வந்தவன், ஒழுகிக்கொண்டிருந்ததைப் பீய்ச்சி அடிக்கவைத்துவிட்டு, அதற்கப்புறம் தொட்டிக்கு அடியிலேயே குடியேறிவிட்டான். இப்போது ஈரச் சட்டையோடு எழுந்து பானையை ஒரு சுற்று சுற்றினான்.

"மாமா, ஆமை மேல குத்தமே இல்ல. ப்ளக் கழண்டு கிடக்கு பாருங்க."

"நீ ட்ரில் மெஷினைச் சொருகினியா?"

"குழாய் திருக ட்ரில் எதுக்கு மாமா? அக்கா, உன் புருஷன் அடுத்த வாரத்துக்கு என்னைக் கொலைகாரனாக்கப் பாக்கறாரு."

"கரண்ட் போய் வந்திருக்குமோ?" என்றேன்.

"ப்ளக் தானா நடந்து வெளிய வராதுப்பா," என்றாள் மகள். வீட்டில் அவளுக்கு வக்கீல் என்று பெயர். "அதுவும் இல்லாம மைக்ரோவேவ் கடிகாரத்தைப் பாருங்க, சரியா ஓடுது. கரண்ட் போயிருந்தா பூஜ்யம் காட்டும். ஆள்தான் கழட்டியிருக்கு."

"எனக்கு ஆள் வேண்டாம்." மனைவி ஊசியைத் துடைத்தாள். "நேரம் வேணும். எப்ப நின்னுச்சுன்னு தெரிஞ்சு, அது ரெண்டு மணி நேரத்துக்குள்ளன்னா, அடுப்புல ஏத்தி நல்லா கொதிக்கவிட்டுச் சாப்பிடலாம். ஏழு மணிக்கு மேஜையில இருக்கும். எனக்கு ஆட்சேபணை இல்ல. நேரம் தெரியலைன்னா குப்பை."

"உத்தேசமா சொல்லக் கூடாதாக்கா?"

"உத்தேசத்துக்கு நான் எந்த ஹோட்டலையும் விட்டதில்ல. என் வீட்டை விடுவேனா?"

சுவர்க் கடிகாரம் ஆறு நாற்பத்தெட்டு.

"நான்தான்," என்றாள் மகள்.

எல்லோரும் திரும்பினோம்.

"ஸ்கூல்லேர்ந்து வந்ததும் போன் சார்ஜ் போடக் கழட்டினேன். அஞ்சரைக்கு. அம்மா, ரெண்டு மணி நேரம் ஆகல. ஏத்து அடுப்புல."

தாய்க்காரி அவளை ஒரு பார்வை பார்த்தாள். காலாவதி ஆன பொருளின் தேதியை அழித்துவைத்திருக்கும் கடைக்காரனைப் பார்க்கும் பார்வை.

"உன் போன் எவ்வளவு சார்ஜ்?"

மகள் போனைப் பின்னால் மறைத்தாள். மைத்துனன் எட்டிப் பார்த்து, "ஒன்பது பர்சன்ட்," என்றான்.

"மாமா!" என்று அவள் அவன் காலை மிதித்தாள்.

"எதுக்குடி பொய் சொல்றே?"

"நீ போகணும்மா," என்றாள். அவ்வளவுதான்.

மைத்துனன் ஸ்பானரைக் கீழே வைத்தான்.

"அப்ப நான்தான் கழட்டினேன்க்கா," என்றான் மைத்துனன். "அஞ்சு மணிக்கு."

"நீ எதுக்கு?"

"பசிக்குதுக்கா."

5

[இந்த இடத்தில் ஒரு கதாபாத்திரத்தின்மேல் எனக்குச் சந்தேகம். எழுத்தாளர் என்று ஒருவர் வருகிறாரே, அந்தக் கணவர். மற்ற எல்லோரும் பேசுகிறார்கள், பொய்யாவது சொல்கிறார்கள். இவர் இரண்டு கேள்வி கேட்டதோடு சரி. உப்புச் சப்பில்லாத ஆள். கதைக்கு இவர் தேவையா? நீக்கிப் பார்த்தேன். கேரட் நறுக்க ஆளில்லாமல் போனது. திரும்பச் சேர்த்துவிட்டேன்.]

ஆறு ஐம்பத்தெட்டுக்கு என் மனைவி பானையைத் தூக்கிக் குப்பைத் தொட்டியில் கவிழ்த்தாள். எட்டுத் தொடையும் ஒவ்வொன்றாக விழுந்தன. கனமான சத்தம். நான் எழுதிய எந்தப் பிணமும் அப்படி விழுந்ததில்லை.

ஏழே காலுக்கு ரொட்டியும் முட்டையும் சாப்பிட்டோம். முட்டையை அவள்தான் பொரித்தாள்.

"போகலைன்னு எழுதிடறேன்," என்றாள், உப்பைக் கேட்பது மாதிரி.

மகள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மைத்துனன் மூன்றாவது ரொட்டியை எடுக்காமல் விட்டான். அவனைத் தெரிந்தவர்களுக்கு அதன் கனம் புரியும். சாப்பிட்டு முடித்ததும் என் மனைவி அந்தக் காலண்டர் தாளை எடுத்து, மேஜைமேல் சிந்தியிருந்த ரொட்டித் தூளை அதில் வழித்துக்கொண்டு போனாள். குளிர்பெட்டி, கை கழுவும் இடம், ஜன்னல், எல்லாம் தூளோடு தூளாக.

அன்று மாலை எழுத்தாளர் காபி போடுவதற்காக எழுந்து சமையலறைக்கு

[வாக்கியம் சரியாக வரவில்லை. விட்டுவிட்டேன்.]

6

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன். வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

(அ) பூனை. ஜன்னல் வழியாக வந்து ஒயரில் விளையாடியது. குறை: எங்கள் வீடு மூன்றாவது மாடி, ஜன்னலில் கம்பிவலை. இருபத்திரண்டு வருட அனுபவத்தில் சொல்கிறேன், கடைசிப் பக்கத்தில் பூனையைக் கொண்டுவருகிற எழுத்தாளனுக்கு விமோசனமே கிடையாது.

(ஆ) மைத்துனன்தான். அக்காவைப் பிரிய மனமில்லை. குறை: அவனுக்குப் பசி. பசித்திருக்கும்போது சாப்பாட்டுக்கு எதிராக அவன் ஒரு விரலையும் அசைக்க மாட்டான்.

(இ) மனைவியே மதியம் ரகசியமாக வந்து கழற்றிவிட்டுப் போனாள். எங்களை விட்டுப் போக அவளுக்கு உள்ளூர இஷ்டமில்லை. வைத்த நிபந்தனையும் அதற்காகத்தான். இந்த முடிவு எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. கண்ணீர், திருப்பம், குடும்பம், எல்லாம் இருக்கிறது. வெள்ளி மாலையிலிருந்து இன்று மதியம்வரை இதைத்தான் திருத்தித் திருத்தி எழுதிக்கொண்டிருந்தேன். இதில் ஒரே ஒரு குறைதான். பொய்.

(ஈ)

7

இப்போது ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. இதழாசிரியருக்கு நாளைக் காலை போக வேண்டும். கதையின் முடிவை வாசகரிடம் விட்டுவிடுவது என்று ஒரு வழக்கம் உண்டு. நானும் விடுகிறேன். ஆனால் எல்லா வாசகரிடமும் இல்லை. நீங்களெல்லாம் ஒரு நிமிடம் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள்.

இருபத்திரண்டு வருடமாக நான் எழுதும் எதையும் இதழாசிரியருக்கு முன்னால் படிக்கிற ஆள் ஒருத்தி இருக்கிறாள். கையில் பென்சில். 'விஷம் இவ்வளவு சீக்கிரம் வேலை செய்யாது' என்று ஓரத்தில் எழுதுவாள். இன்னும் அரைமணி நேரத்தில் இந்தத் தாள்கள் அவள் கைக்குப் போகும்.

அதாவது, உன் கைக்கு.

பால்கனியில் துணி மடித்துக்கொண்டிருக்கிறாய். இங்கிருந்து தெரிகிறது. நேரில் சொல்ல மூன்று நாள் முயன்றேன். வியாழக்கிழமையே, நம் பெண் தனக்குச் சம்பந்தமில்லாத குற்றத்தை ஏற்றுக்கொண்டு நின்றாளே, அப்போதே சொல்லியிருக்க வேண்டும். பதினேழு வயதுப் பெண்ணுக்கு வந்த தைரியம் எனக்கு வரவில்லை. எனக்கு எதையும் எழுதினால்தான் சொல்ல வரும்.

நீ பதில் எழுத நாளைப் பத்து மணிவரை நேரம் இருக்கிறது. அதற்குள் கணக்கை நீயே சரிபார்த்துக்கொள். நீ ஊசியைச் செருகியது ஆறு நாற்பத்தைந்து. பானை நின்றது நாலு ஐம்பது. ஒரு மணி ஐம்பத்தைந்து நிமிடம். உன் சட்டப்படியே அது சாப்பிடத் தகுந்த சாப்பாடு. உன் கை படாமல் இந்த வீட்டில் தயாரான சாப்பாடு.

ஆள் வேண்டாம், நேரம் மட்டும் போதும் என்றாய். இருந்தாலும் ஆளையும் சொல்லிவிடுகிறேன்.

காபி போட வந்தேன். கோழி எலும்பைவிட்டுக் கழன்றிருந்தது. பார்லி மலர்ந்திருந்தது. வாசனை மாடிப்படிவரை போயிருந்தது. நீ இல்லாமலே எங்களால் முடியும் என்று தெரிந்துபோயிற்று. மூடியை ஒரு விரல் அளவு நகர்த்தினேன். ப்ளக்கைக் கழற்றினேன்.