தங்கக் கலரு

"கையை நீட்டு அகல்யா. இன்னா கூச்சம்? பக்கத்துல வை, பாக்கட்டும்!"

ஹேமாவதி குழந்தையின் பிஞ்சுக் கையைத் துணிக்குள்ளிருந்து உருவி, கட்டிலில் சாய்ந்திருந்த தம்பி மனைவியின் கைக்குப் பக்கத்தில் வைத்தாள். பிள்ளை பார்க்கப் பக்கத்து ஊரான பாடியிலிருந்து வந்திருந்த இரண்டு பெண்களும், புடவைக்கு ஜாக்கெட் துணி பொருத்திப் பார்ப்பவர்கள் போலக் குனிந்தார்கள்.

"இன்னா கலரு! தங்க பிஸ்கட்டாட்டம் கீது!"

"எங்க வூட்டு ரத்தம் இல்ல? இவ தார் டப்பாவாச்சே, எதப் பெத்துப்போடப் போறாளோன்னு வவுத்துல நெருப்பக் கட்டிக்கினு கெடந்தேன். ஆண்டவன் காப்பாத்திட்டான்."

எல்லோரும் சிரித்தார்கள். ஜன்னலோரம் நின்று செல்போனில் படமெடுத்துக்கொண்டிருந்த வினோத்தும் சிரித்தான். அகல்யாவின் கணவன், அம்பத்தூர் எஸ்டேட்டில் இன்ஜினீயர்.

அகல்யாவுக்குத் தாய் இல்லை. அதனால் பிரசவத்துக்கு நாத்தனாரே வந்து இறங்கியிருந்தாள். பிள்ளை உண்டானதிலிருந்தே ஹேமாவதியின் ராஜ்யம்தான். குங்குமப்பூப் பால் வந்தது. டாக்டர் கொடுத்த இரும்புச் சத்து மாத்திரை குப்பைக்குப் போனது. கறுப்பு மாத்திரை தின்றால் கறுப்புப் பிள்ளை பிறக்குமாம்!

நேற்று முதன்முதலாக 'தங்கம்' என்ற சொல் காதில் விழுந்தபோது அகல்யாவுக்கும் உள்ளுக்குள் குளிரத்தான் செய்தது. பள்ளிக்கூட நாளிலிருந்து 'கரிக்கட்டை' என்று கேட்டே வளர்ந்தவள். என் மகளுக்கு அந்தப் பேச்சு இல்லை என்று நினைத்துக்கொண்டாள். இன்றைக்கு அதை எண்ணினால் வாய் கசந்தது.

காலையிலிருந்து குழந்தை பால் குடிக்கவில்லை. காதைத் தடவினாலும், பாதத்தைச் சுண்டினாலும் கண் திறக்கவில்லை. வந்தவர்கள் போனதும் துணியை விலக்கி, மூக்கு நுனியை விரலால் அழுத்தி எடுத்தாள். அழுத்திய இடம் மஞ்சள். வயிறு மஞ்சள். உள்ளங்கால் வரை மஞ்சள்.

'உள்ளங்காலுக்கு மஞ்சள் இறங்கிச்சுன்னா யோசிக்காம தூக்கிட்டு வந்துடும்மா' என்று ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது நர்ஸ் சொன்னது நினைவுக்கு வந்தது.

"அண்ணி, இது காமாலை. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போவணும்."

"போனா இன்னா பண்ணுவான்? நீல லைட்டுல போட்டு வாட்டுவான். எங்க தெருவுல ஒரு புள்ள அப்படித்தான் கருவாடாட்டம் ஆயிப்போச்சு. தானா எறங்கிடும், வுடு."

"மஞ்சள் எறங்குனா இந்தக் கலரும்தானே எறங்கிடும்? அதானே உங்க கவலை, அண்ணி?"

ஹேமாவதி குரலைத் தாழ்த்தினாள். "ஞாயித்துக்கெயம குத்தம்பாக்கத்துலேர்ந்து எங்க மாமியார் வூட்டு சனம் வருது. என் தம்பி பொண்ணு செக்கச்செவேல்னு பொறந்துகீதுன்னு சொல்லி வெச்சிருக்கேன். அவங்க பாத்துட்டுப் போவட்டும். அதுவரைக்கும் இப்படியே இருக்கட்டும்மே."

அகல்யா கணவனைப் பார்த்தாள்.

"அக்கா சொல்றதும் ஒரு பக்கம் சரிதானே," என்றான் வினோத். "நெட்ல பாத்தேன் அகல்யா. நெறைய கொழந்தைங்களுக்கு தானா சரியாயிடுதாம்."

"நீங்க எடுத்த போட்டோவப் பெருசு பண்ணிப் பாருங்க. அந்தக் கண்ணுல வெள்ளைன்னு எங்கனா கீதா?"

அவன் பார்க்கவில்லை. அகல்யா குழந்தையை மார்போடு அணைத்து எழுந்தாள். சிசேரியன் தையல் சுரீரென்று இழுத்தது. சுவரைப் பிடித்துப் பிடித்துப் படி இறங்கினாள். தெருமுனை ஆட்டோவில் அவள் ஏறிய பிறகுதான் வினோத் ஓடி வந்தான். குழந்தைக்காக அல்ல, பச்சை உடம்புக்காரி தனியாகப் போவதைத் தெரு பார்க்கிறதே என்று.

குழந்தையைப் பார்த்ததுமே டாக்டரம்மாவின் முகம் மாறியது. ரத்தம் எடுத்தார்கள், முடிவு வந்தது.

"அம்மாவுக்கு ஓ குரூப். கொழந்தைக்கு ஏ, அப்பாவோடது. ரெண்டும் ஒத்துக்காததால கொழந்தையோட ரத்தம் ஒடஞ்சு மஞ்சள் இப்படி ஏறியிருக்கு. ஊசி மருந்தும் போடணும், லைட்லயும் வைக்கணும். இன்னும் தாமதிச்சிருந்தா மூளைக்குப் போயிருக்கும். காது கேக்காது, கழுத்து நிக்காது. உயிரேகூடப் போயிருக்கும்."

வினோத் தயங்கித் தயங்கிக் கேட்டான்: "மேடம், லைட்ல வெச்சா கலர் மாறிடுமா?"

டாக்டரம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தார். தட்டில் ஊர்ந்த பூச்சியைப் பார்க்கிற பார்வை.

"மாறும். மஞ்சள் போயிடும். நல்லா இருக்கிற கொழந்தைக்கு என்ன நிறமோ அது வரும். போய்க் கையெழுத்துப் போடுங்க."

கண்ணுக்குப் பட்டி கட்டி, அரையில் துணி மட்டும் வைத்து, நீல வெளிச்சத்தின் கீழே கிடத்தினார்கள். சின்னக் கையில் மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கியது. அகல்யா பக்கத்திலேயே கிடந்தாள். மறுநாள் குழந்தை தானாகவே விழித்து, பசிக்கு வீறிட்டது. அந்த அலறலைக் கேட்டு அவள் அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு அனுப்பினார்கள். கூடம் நிறைய குத்தம்பாக்கத்து ஜனம், பழத்தட்டோடு காத்திருந்தது. ஹேமாவதி துணியை விலக்கினாள். மஞ்சள் வடிந்த உடம்பில் மாநிறம்கூட இல்லை. அகல்யாவின் அசல் கறுப்பே மின்னியது.

"அய்யய்யோ! நான் தலபாடா அடிச்சிக்கினேனே! லைட்டுல வெச்சு கருக்கிக்கினு வந்துட்டாளே!"

வந்தவர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். "பொட்டப் புள்ளையாச்சே," என்று ஒருத்தி பெருமூச்சு விட்டாள்.

அகல்யா கூடத்தின் நடுவில் உட்கார்ந்தாள். மகளை மடியில் போட்டு, அவள் கையைத் துணிக்குள்ளிருந்து தானே உருவி, தன் கைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"பக்கத்துல வந்து நல்லா பாருங்க. உங்க வூட்டு ரத்தத்துல வந்தது அந்த மஞ்சள். அத ஆஸ்பத்திரிலயே வுட்டுட்டு வந்துட்டேன். இது என்னுது."

குழந்தை கண்ணைத் திறந்தது. கண்ணின் வெள்ளை, வெள்ளையாகவே இருந்தது. பசியில் வீடே அதிர அது வீறிட்டது.

அன்றைக்குப் படமெடுத்த வினோத்தின் செல்போன், இன்றைக்குச் சட்டைப்பையை விட்டு வெளியே வரவில்லை.