தலைமாட்டில் நின்றவள்

சுசீலா சிஸ்டர் பிரசவம் பார்த்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் பழுது வராது என்பது போர்ட் பிளேர் முழுக்கத் தெரியும். அவளிடம் பயிற்சி பெற்ற பெண்களுக்குப் பிரசவம் பார்க்கத் தெரியாது என்பது அவளுக்குத்தான் தெரியாது.

அதைச் சொன்னவர் டாக்டர் சிவஞானம். கற்றுக்கொடுப்பவர்கள் எப்படிக் கற்றுக்கொடுக்கிறார்கள் என்று பார்த்துத் திருத்த கடலுக்கு அந்தப் பக்கம் மெயின்லேண்டிலிருந்து வந்திருந்தார். வார்டு மூலையில் பேசாமல் நிற்பார். பிள்ளையின் தலை தெரிந்ததும், பயிற்சிக்கு வந்த புஷ்பத்தைச் சுசீலா தோளால் இடித்துத் தள்ளிவிட்டுத் தானே கை நீட்டுவதை ஒவ்வொரு தடவையும் பார்த்தார்.

"அந்தப் பொண்ணு கை இன்னும் ஈரமே ஆகலை, சிஸ்டர்," என்றார்.

சுசீலாவுக்குச் சுருக்கென்றது. அவள் ரோட்டுக்குக் கல் உடைத்தவளின் மகள். சும்மா நிற்பது அவள் வீட்டில் யாருக்கும் வராது. ஆனால் புஷ்பம் அடுத்த கப்பலில் வடக்குத் தீவிலுள்ள திக்லிபூர் போகிறாள். அங்கே குடியேறியவர்களுக்கு டாக்டர் கிடையாது, இனி இவள்தான்.

மறுநாள் சௌல்தாரி கிராமத்திலிருந்து தங்கம் வந்தாள். தலைப்பிரசவம். சுசீலாவைத் தலைமாட்டில் நிற்கச் சொன்னார் டாக்டர். உயிருக்கு ஆபத்தென்றால் கை வைக்கலாம், மற்றபடி வாய் மட்டும்தான். சுசீலா தன் கையைத் தங்கத்திடம் கொடுத்தாள். அவள் அதை நெரித்தாள்.

தலை தெரிந்தது. புஷ்பம் வழக்கம்போல் விலகி இடம் விட்டாள்.

"எங்கடி போறே? நான் வரமாட்டேன். நீ பாரு," என்றாள் சுசீலா.

புஷ்பம் திரும்பி வந்தாள். தலையைத் தாங்கச் சொல்லியும் கை ஒரு நொடி பிந்தியது. பிள்ளை வந்து அழுதது. தங்கத்துக்குக் கிழிந்திருந்தது.

சுசீலா பார்த்திருந்தால் கிழிந்திருக்காது. டாக்டருக்கும் அது தெரியும். அவர் தையல் போடும்போது மாமியார் செல்லம் வாசலில் நின்று, பழகிப் பார்க்க என் மருமகள் உடம்புதானா கிடைத்தது என்று தமிழும் இந்தியுமாகத் திட்டித் தீர்த்தாள்.

வராந்தாவில் புஷ்பம் அழுதுகொண்டிருந்தாள்.

"கிழிச்சிட்டேன் சிஸ்டர்."

"ஆமா. எதனால?"

புஷ்பம் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "தலை வர்றப்ப உங்க மூஞ்சியைப் பாத்தேன். நீங்க சொன்னாத்தான் கை ஓடும்னு ஆயிடுச்சு."

சுசீலா டாக்டரிடம் போய், இவளை இந்தக் கப்பலில் அனுப்பினால் அது தன் குற்றம் என்றாள். திக்லிபூர்க்காரர்கள் இன்னும் கொஞ்ச நாள் ஆளில்லாமல்தான் இருக்க வேண்டும் என்றார் அவர். தெரியும் என்றாள்.

கப்பல் புஷ்பம் இல்லாமல் போனது. அன்று மத்தியானமே வலியெடுத்து ஒருத்தி வந்தாள். சுசீலா இந்தத் தடவை புஷ்பத்தின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். தலை வந்தது. புஷ்பம் திரும்பிப் பார்க்கவில்லை.