பனி கூட்டும் பிரஷ்

சாத்தூர் ரோட்டில் இருந்த அந்தப் பழைய இயந்திரக் கடை முற்றத்தில் நிழல் என்று பேருக்குக்கூட ஒன்றும் இல்லை. சோலைமலை தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, வெயிலில் கிடந்த மூன்று சாமான்களையும் குனிந்து குனிந்து பார்த்தான். பல் வைத்த இரும்பு பக்கெட் ஒன்று, அகலமான இரும்பு பிளேடு ஒன்று, ஆள் நீளத்துக்கு உருளையாக ஒரு பிரஷ். மூன்றுமே மினி டிராக்டருக்கு முன்னால் மாட்டுகிறவை. ஏழாயிரம்பண்ணைப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனியில் அந்த டிராக்டரை ஓட்டுகிறவன் அவன்தான்.

"எல்லாம் இமாச்சல் பக்கத்துச் சரக்கு. அங்கன பனி தள்ளிக்கிட்டுக் கெடந்தது" என்று கடைக்காரர் போனில் ஒரு படத்தை ஓடவிட்டார். வெள்ளை வெளேரென்ற ரோட்டில் ஒரு டிராக்டர் பிரஷ்ஷைச் சுழலவிட்டுக்கொண்டு போக, பின்னால் கறுப்பாகத் தார் தெரிந்தது.

"அடேயப்பா! நமக்கு மார்கழியில புல்லு நுனி நனையிறதே பெருசு. இதக் கொண்டுபோயி எந்தப் பனியத் தள்ள?" என்று சோலைமலை சிரித்தான்.

"காஞ்ச புல்லுதாண்ணே நம்ம ஊருப் பனி" என்றான் கூட வந்திருந்த கம்பெனி முதலாளியின் மகன் ஹரிஷ்குமார். படிப்பை முடித்துவிட்டு வந்து கம்பெனியைப் பார்த்துக்கொள்கிற பையன். மனசில் கள்ளம் கிடையாது, வேலையாட்களை வாய்க்கு வாய் அண்ணே, அக்கா என்றுதான் கூப்பிடுவான். ஷெட்டுகளைச் சுற்றிக் காய்ந்த புல்லோ காகிதக் குப்பையோ இருக்கக் கூடாது, தீ பிடித்தால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிவிடும். அதைக் கையால் பிடுங்கிக் கூட்டுவதற்கென்றே கம்பெனியில் ஆறு பெண்கள் இருந்தார்கள். சோலைமலையின் பெண்டாட்டி வீரலட்சுமியும் அதில் ஒருத்தி.

காலையில் கம்பெனி வேனில் ஏறும்போதே அவள் சொல்லி அனுப்பியிருந்தாள். "பக்கெட்டு வந்தா மூலை முடுக்கு எங்களுக்கு மிஞ்சும். பிரஷ்ஷ மட்டும் வாங்க விட்டுராதீக. அது வந்துச்சுன்னா எங்க பொழப்பு அம்புட்டுத்தான்."

வேனுக்குள்ளிருந்து, கூட வேலை பார்க்கும் பாலம்மாளும் தலையை நீட்டினாள். "ஏலே சோலைமலை, ஒன்னத்தான்லே நம்பிக்கிட்டு இருக்கோம். கெடுத்துப்புடாத."

வீரலட்சுமி முன்பு ஷெட்டுக்குள் திரி செருகிக்கொண்டிருந்தவள். ஒருநாள் பக்கத்து அறை வெடித்தது. முடி கருகி, செருப்பில்லாமல் ஓடிவந்து வேப்பமரத்தடியில் விழுந்து கிடந்தவளைச் சோலைமலை தேடிக் கண்டுபிடிப்பதற்குள் அவனுக்கு உயிர் போய் உயிர் வந்தது. அதன்பிறகு அவள் எந்த ஷெட்டு வாசலையும் மிதிக்கவில்லை. சம்பளம் குறைச்சல் என்றாலும் வெளிவேலை போதும் என்று வந்துவிட்டாள்.

ஹரிஷ்குமார் பக்கெட்டைக் காலால் தட்டிப் பார்த்தான். "இதுன்னா மண்ணு அள்ளவும் ஆகும். ஆனா நம்ம எடம் பூராவும் சரளைக்கல்லு. இரும்பு உரசுனா பொறி வருமாண்ணே?"

'அதெல்லாம் ஒண்ணும் வராது' என்கிற பதில் சோலைமலையின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொன்னால் பையன் நம்பிவிடுவான். வீரலட்சுமி ராத்திரி சிரித்த முகமாய்ச் சோறு போடுவாள். ஆனால் வேப்பமரத்தடியில் அன்று வரிசையாகக் கிடத்தியிருந்தவர்கள் ஞாபகத்துக்கு வந்து தொலைத்தார்கள். பாவி மனசு கேட்கவில்லை.

"வரும் தம்பி. கல்லுல பட்டா வரத்தான் செய்யும். பிளேடும் அப்படித்தான். பிரஷ்ஷுதான் சரி, நைலான் நாரு."

அன்று ராத்திரி வீரலட்சுமி தட்டை நங்கென்று வைத்தாள். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நீங்க பொய் சொல்லியிருந்தா நானே ஏசியிருப்பேன். ஆனாலும் அழுகையா வருது, என்ன செய்ய" என்றாள்.

மறுநாள் மாட்டி ஓட்டியபோது பிரஷ் நன்றாகத்தான் வேலை செய்தது. புல்லைத் தூரோடு உரித்துப் போட்டது. ஆறு பேர் நாள் முழுக்கக் குந்தியிருந்து பார்க்கிற வேலை டீ வருவதற்குள் முடிந்துபோனது. பெண்கள் கேட் ஓரமாக நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்று சாயங்காலமே ஹரிஷ்குமார் அவர்களிடம், "நாளையில இருந்து வெளிவேலைக்கு ஆளு வேண்டியதில்லக்கா, தப்பா நெனைக்காதீங்க" என்றான்.

பிறகு சோலைமலையைத் தனியாகக் கூப்பிட்டான். "வீரலட்சுமி அக்காவ மட்டும் நிப்பாட்டலண்ணே. நல்ல யோசனை சொன்னீங்கள்ல, அதுக்காக."

சோலைமலையின் கை தானாகக் கும்பிட்டது. வெட்கமாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது. பாலம்மாள் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு அவனைத் தாண்டிப் போனாள். "ஒம்பொண்டாட்டிக்காவது வேல இருக்கே, நல்லா இரு" என்றாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று அவனுக்குத் தோன்றியது.

மறுநாள் காலையில் அவன் டிராக்டரை எடுத்தபோது, வெடிமருந்து கலக்கும் அறையைச் சுற்றிச் சுண்ணாம்புப் பொடியால் அகலமாகக் கோடு போட்டிருந்தது. கோட்டுக்கு உள்ளே புல் அப்படியே நின்றது. பக்கத்தில் வீரலட்சுமி நின்றுகொண்டிருந்தாள்.

"வண்டி இந்தக் கோட்டத் தாண்டக் கூடாதுண்ணே" என்றான் ஹரிஷ்குமார். "சைலன்சர் சூடு. அங்கன மருந்து சிந்திக் கெடக்கும். தீ புடிச்சா வண்டி போயிரும். உள்பக்கத்த மட்டும் அக்கா கையால பாத்துக்கிடுவாங்க."

சோலைமலை அறைப் பக்கம் எட்டிப் பார்த்தான். அந்த இடத்தை ஆறு பேரும் சேர்ந்து, அறைக்கு மருந்து வருவதற்கு முன்னாலேயே விடியக்காலையில் பிடுங்கி முடித்துவிட்டு ஓடிவந்துவிடுவார்கள். ஒருத்தி எப்படி முடிப்பாள்? உள்ளே இப்போதே சல்லடை சலிக்கிற சத்தம் கேட்டது.

"தம்பி, மருந்து வந்துருச்சே. அவ ஒத்தையில..."

"அதனாலதாண்ணே மெதுவாப் பாக்கட்டும். நாள் பூராவும் இருக்குல்ல, அவசரமே இல்ல."

வீரலட்சுமி அவனைப் பார்த்து, பேசாதீர்கள் என்று கண்ணைக் காட்டினாள். செருப்பைக் கழற்றினாள். தலையிலிருந்த இரும்பு ஊக்கை உருவி, டிராக்டரில் உட்கார்ந்திருந்தவன் கையில் கொடுத்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சுண்ணாம்பு கலையாமல் கோட்டைத் தாண்டினாள்.

"அண்ணே, வண்டிய இன்னுங் கொஞ்சம் பின்னால எடுங்க. எதுக்கும் இருக்கட்டும்" என்று ஹரிஷ்குமார் தள்ளிப்போய் நின்று கையை ஆட்டினான்.

சோலைமலை ஊக்கைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ரிவர்ஸ் கியரைப் போட்டான். வீரலட்சுமி மருந்து அறைச் சுவரோரம் குந்தி, முதல் பிடிப் புல்லைப் பிடுங்கினாள்.