முப்பத்தெட்டு மணி நேரம்

எனக்குக் கோபம் வந்தா காது சிவந்துடும். நல்லவேளை, விமானத்துல ஹெட்போன் மூடிடும். பக்கத்துல இருக்கற கேப்டனுக்குத் தெரியாது. அந்தத் திங்கட்கிழமை காலையில ஹெட்போன் இல்லை. சமையலறையில நின்னு, போன்ல வந்த அடுத்த மாச அட்டவணையைத் திறந்தேன். ரெண்டு காதும் பத்திக்கிட்டு எரிஞ்சுது. முப்பத்தெட்டு மணி நேரம்! எண்பத்திரண்டு கேட்டவனுக்கு முப்பத்தெட்டு!

விஷயத்தைச் சொல்லிடறேன். நான் துணை பைலட். தோள்ல மூணு கோடு. நாலாவது கோடு, அதாவது கேப்டன் பதவி வேணும்னா, மொத்தம் மூவாயிரம் மணி நேரம் பறந்திருக்கணும். என் கையில ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொண்ணு இருந்துது. மிச்சம் அறுபத்தொம்பதை அடுத்த மாசத்துக்குள்ள முடிச்சா இந்த வருஷக் கேப்டன் பயிற்சியில சேரலாம். விட்டா, இன்னும் ஒரு வருஷம் வாயைப் பார்த்துக்கிட்டு இருக்கணும்.

மாசாமாசம் கம்பெனி அஞ்சு அட்டவணை அனுப்பும். எது முதல்ல வேணும், எது கடைசின்னு ஒண்ணுலேர்ந்து அஞ்சு வரைக்கும் நம்பர் போட்டு அனுப்பணும். துணை பைலட்டுகள்ல நான்தான் சீனியர், நான் கேட்டது எனக்குக் கிடைச்சே தீரும். வினையே அதுலதான். நம்பர் போடற கடைசி நாள்ல எனக்கு நாள் பூரா பறக்கற வேலை. கிளம்பறதுக்கு முன்னாடி வீட்டுக்காரிக்குப் போன் போட்டு, “எதுல மணி நேரம் ஜாஸ்தியோ அதை உசத்தியா போடு, கம்மியானதைக் கீழ தள்ளு, நீயே அனுப்பிடு”ன்னுட்டேன்.

அவ நீச்சல் கோச். விசிலும் கையுமா குளத்தோரம் நின்னு பிள்ளைங்களுக்கு அஞ்சுக்கு மார்க் போடறவ. அவ உலகத்துல அஞ்சுதான் உசத்தி. எண்பத்திரண்டுக்கு அஞ்சு போட்டா, முப்பத்தெட்டுக்கு ஒண்ணு போட்டா. கம்பெனிக்காரங்க ஒண்ணுதான் என் முதல் ஆசைன்னு நினைச்சு, ஆசையா கொடுத்துட்டாங்க.

“நாலு வருஷம்டி! நாய்படாத பாடு பட்டுச் சேர்த்த மணி நேரம்!”

அவ ஆம்லெட்டைத் திருப்பிக்கிட்டே, “உசத்தியா போடுன்னீங்க. அஞ்சைவிட உசத்தி எது? ஆறு அதுல இல்லையே?”ன்னா.

“வேணும்னுதானே பண்ணினே?”

கரண்டியைக் கீழ வச்சுட்டு ஒரு முறை முறைச்சா. “வேணும்னா நேராவே சொல்லியிருப்பேன். உங்ககிட்ட எனக்கென்ன பயம்?”

அதுவும் வாஸ்தவம்தான். அவ யாருக்குப் பயந்திருக்கா? எங்க எட்டு வயசு வாண்டு மேஜையடியிலேர்ந்து எட்டிப் பார்த்து, “அம்மா, அப்பா காது தக்காளி!”ன்னு கத்திச்சு. இது வேற.

எண்பத்திரண்டு மணி நேரம் யாருக்குப் போச்சுன்னு விசாரிச்சேன். குட்டித்தூக்கத்துக்கு. நிஜப் பேரு எனக்கே மறந்துபோச்சு. கம்பெனி பஸ்ஸுல உக்கார்ந்ததும் தூங்கிடற பய. வேற கம்பெனியில பறந்துட்டு வந்தவன், மூவாயிரத்தை எப்பவோ தாண்டிட்டான். மாத்திக்கலாமாடான்னு கேட்டதும், “அண்ணே, நீங்க நல்லா இருக்கணும்ணே!”ன்னு குதிச்சான். அட்டவணை மாத்தறதுக்கு வெள்ளிக்கிழமை காலையிலதான் விடுவாங்க, பன்னெண்டு மணியோட சரி. போன்ல ஒரு பட்டனை அமுக்கணும், அவ்வளவுதான். அப்பாடான்னு இருந்துது.

வெள்ளிக்கிழமை வரைக்கும் எனக்கு வேலையும் இல்லை. நூறு மணி நேரத்துக்கு மேல ஒரு மாசத்துல பறக்கக் கூடாதுன்னு சட்டம். நான் அதைத் தொட்டுட்டேன். வீட்டுலதான் கிடக்கணும்.

செவ்வாய்க்கிழமை ஸ்பூனைத் தேடினேன். ஒண்ணரை வருஷத்துக்கு முன்னாடியே வேற டிராயருக்குப் போயிடுச்சாம். எனக்குச் சொன்னாங்களாம், நான் “ம்”னேனாம். மாடிப்படியில கீழ்வீட்டுத் தச்சர் என்னை நிறுத்தி, “யார் வீட்டுக்குப் போகணும்?”னார். என் வீட்டுக்குத்தான்யான்னேன். என்னை ஏற இறங்கப் பார்த்துட்டு, “கோச்சம்மா தனியா இருக்காங்கன்னு நினைச்சேன்”னார். என் காது மறுபடியும் சிவந்துது. ஆனா யார் மேல கோபப்படறது?

புதன்கிழமை சாயங்காலம் பறந்த நேரம் எழுதற புத்தகத்தை எடுத்து வச்சு, மூவாயிரத்துக்கு இன்னும் எவ்வளவுன்னு நூறாவது தடவையா பார்த்துக்கிட்டிருந்தேன். வாண்டு பக்கத்துல உக்கார்ந்து வீட்டுப்பாடத்துல வகுத்தல் போட்டுச்சு. “அப்பா, உங்க மணி நேரத்தை நாளாக்கட்டுமா?”ன்னு கேட்டு, பென்சிலைக் கடிச்சுக் கடிச்சு இருபத்துநாலால வகுத்துச்சு. நூத்து இருபத்திரண்டு நாள்.

“தப்பு, மறுபடியும் போடு”ன்னேன். மறுபடியும் அதேதான் வந்துது. நானே போட்டுப் பார்த்தேன். நாலு வருஷத்துல நான் பறந்தது வெறும் நாலே மாசம்!

“ஏய் கோச்சு, இங்க வாயேன். நாலு மாசம்தான் ஆகாசத்துல இருந்திருக்கேன். மிச்சத்துக்கெல்லாம் எங்க போனேன்?”

“என்னைக் கேட்டா? போனது நீங்கதானே?”

யோசிச்சா, ஓட்டல் ரூம். பஸ்ஸு. அடுத்த விமானத்துக்காக நாற்காலியில காத்திருந்தது. வெளியூர்ல தூங்கின ராத்திரியை மட்டும் குத்துமதிப்பா கூட்டினேன், அறுநூறைத் தாண்டிச்சு. அதையெல்லாம் எழுதறதுக்குப் புத்தகத்துல இடமே கிடையாது.

வியாழக்கிழமை குளத்துக்கு இழுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. ஆபத்துன்னா தண்ணியில குதிக்கற பயிற்சி எனக்கு உண்டு, ஆனா லைஃப் ஜாக்கெட்டோட. அது இல்லாம நான் கல்லு. ஆறு வயசுப் பிள்ளைங்க வரிசையில கடைசியா என்னை நிக்க வச்சா என் பொண்டாட்டி. “அங்கிள், விமானத்தையே மிதக்க விடறீங்க, உங்களை விட முடியலையா?”ன்னு ஒரு பொடிசு கேட்டுது. முங்கித் தண்ணி குடிச்சு இருமிக்கிட்டே எழுந்தேன்.

“அப்பாவுக்கு ஒண்ணு!”ன்னு வாண்டு அறிவிச்சுது.

“எங்க கம்பெனியில ஒண்ணுதான்டி முதல்!”னேன். என் பொண்டாட்டி விசிலை வாயிலேர்ந்து எடுத்துட்டுச் சிரிச்சா. அவ அப்படிச் சிரிச்சு நான் பார்த்து எத்தனை நாளாச்சுன்னு எனக்கே தெரியலை.

வெள்ளிக்கிழமை காலையில அவளே ஞாபகப்படுத்தினா. “பன்னெண்டு மணி. மறந்து தொலைச்சுட்டு அப்புறம் என் தலையை உருட்டாதீங்க.” போனை லாக்கர்ல வச்சுட்டுத் தண்ணியில இறங்கினேன். மல்லாக்கப் படுக்கச் சொல்லி முதுகுக்கடியில கையைக் கொடுத்தா. “கழுத்தை விடுங்க. இன்னும் விடுங்க. எதையும் பிடிக்காதீங்க.” காதுக்குள்ள தண்ணி போச்சு, சத்தமெல்லாம் தூரமாச்சு. எப்போ கையை எடுத்தான்னு தெரியலை. திரும்பிப் பார்த்தா அவ ரெண்டடி தள்ளி நிக்கறா, பத்துப் பிள்ளைங்களும் கையை விரிச்சுக் காட்டி, “அஞ்சு! அஞ்சு!”ன்னு கத்தறாங்க.

சுவத்துக் கடிகாரத்துல பதினொண்ணே முக்கால். சொட்டச் சொட்ட எழுந்து ஓடினேன். போனைத் திறந்தா குட்டித்தூக்கத்துகிட்டேயிருந்து எட்டு மெசேஜ். பட்டன் பச்சையா மின்னிச்சு. விரலை அது மேல கொண்டுபோயிட்டு, நின்னுட்டேன். அவனுக்குப் போன் போட்டேன்.

“டேய், மாத்தலை.”

“அண்ணே! என் வீட்டுல சொல்லிட்டேனே அண்ணே! ஊருக்கு டிக்கெட்டே போட்டாச்சே!” அழாத குறை. பாவம்.

விஷயம் கேட்டதும் பொண்டாட்டி கத்தினா பாருங்க, குளமே அடங்கிப்போச்சு. “பைத்தியமா பிடிச்சிருக்கு? ஒரு வருஷம் போயிடும்! நான் பண்ணின தப்புக்கு நீங்க ஏன் விட்டுக்கொடுக்கணும்?”

“யாருக்கும் விட்டுக்கொடுக்கலை. முப்பத்தெட்டு முப்பத்தெட்டா பறந்தாலும் அடுத்த வருஷப் பயிற்சிக்குத் தேவைக்கு மேலயே சேர்ந்துடும். காலையில போய்ட்டு மதியம் திரும்பற வேலை. எனக்கு இந்த நாலு நாள் ரொம்பப் பிடிச்சிருந்துது. இன்னும் வேணும்.”

அவ துண்டை எடுத்து என் தலையைத் துவட்டினா, கொஞ்சம் அழுத்தமாவே.

அந்த மாசம் குஷியா போச்சு. குப்புற நீந்தக் கத்துக்கிட்டேன். தச்சர் “வாங்க தம்பி”ங்கற அளவுக்கு வந்துட்டார். அதுக்கப்புறம் நம்பர் போடற வேலையை அவ தொடவே மாட்டேன்னுட்டா. நானே போட்டேன், எண்பதைப் பார்த்தா கை பரபரக்கும், அடக்கிக்குவேன்.

அஞ்சு மாசம் கழிச்சு குட்டித்தூக்கம் கேப்டன் ஆனான். தோள்ல நாலு கோடு பளபளக்க இடது சீட்டுல அவன், வலது சீட்டுல நான். மறைப்பானேன், வயிறு எரிஞ்சுது. ஹெட்போனுக்குள்ள காது ரெண்டும் கொதிச்சுது. “அண்ணே, கோபமா?”ன்னான். “கேப்டன், வேலையைப் பாருங்க”ன்னேன்.

எஞ்சின் போடறதுக்கு முன்னாடி ஞாபகம் வந்துது, அடுத்த மாச அட்டவணைக்கு அன்னிக்குத்தான் கடைசி நாள். அவசரமா வீட்டுக்குப் போன் போட்டேன்.

“கோச்சு, நம்பரைப் போட்டு அனுப்பிடு.”

“ஐயோ, ஆளை விடுங்க சாமி! மறுபடியும் வம்பா? எதுக்கு எந்த நம்பர்னு ஒழுங்கா சொல்லுங்க, எழுதிக்கறேன்.”

“எழுதவெல்லாம் வேண்டாம். போன தடவை எப்படித் தப்பா போட்டியோ, அப்படியே போடு.”

அந்தப் பக்கத்துலேர்ந்து விசில் சத்தம் கேட்டுது, காது கிழியற மாதிரி.