எண்ணெய் கசியாத மூடி

மண்ணெண்ணெய்த் தட்டில் தகர மூடியை மல்லாத்திப் போட்டு, உள்பக்கம் கருங்களியாகப் படிந்திருந்த பழைய எண்ணெயைத் தென்னங்குச்சிகளால் தேய்த்துக்கொண்டிருந்தாள் சிலுவையம்மாள். ராயபுரத்தில் ரயில் பாதைக்குப் பின்னால் இருந்த அந்தக் கார்ப் பட்டறையில் இஞ்சின் சாமான்களைக் கழுவுவது அவள் வேலை. ஹார்பரில் மூட்டை சரிந்து புருஷன் இடுப்பொடிந்து படுத்ததிலிருந்து நாலு வருஷமாக அவள் கைகள் மண்ணெண்ணெயில்தான் கிடந்தன.

வண்டி கப்பல் ஏஜெண்டு கருணாகரனுடையது. யுத்தத்துக்கு முன்னால் வந்த கார். இஞ்சினின் உச்சியை மூடும் இந்தத் தகர மூடியின் ஓரமாக எண்ணெய் கசிந்து, சூடான புகைக்குழாயில் சொட்டிப் புகைந்தது. உள்ளே உட்கார்ந்தவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு இருமினார்கள். மூடிக்கு அடியில் வைக்கும் தக்கைப் பட்டையை இரண்டு முறை மாற்றியாயிற்று. ஒரே வாரத்தில் மறுபடி கசிவு.

"இந்த வாட்டியும் ஒழுவுச்சுன்னா, சவரி, நீயும் உன் செட்டும் கேட்டுக்கு வெளிய," என்று மேஸ்திரி திருமலை காலையிலேயே சொல்லிவிட்டுப் போயிருந்தார். செட்டு என்றால் மெக்கானிக் சவரிநாதனும் சிலுவையம்மாளும்தான்.

"ரெண்டு தக்கையா வச்சு, ஸ்க்ரூவ இன்னும் இறுக்கிடலாம்க்கா," என்றான் சவரிநாதன். அவன் குரலில் தெம்பில்லை.

அவள் மூடியைத் துடைத்து மடியில் வைத்துக்கொண்டு, அதன் விளிம்பில் விரலை மெல்ல ஓட்டினாள். ஒரு சுற்று. மறுபடி ஒரு சுற்று. விரல் ஓரிடத்தில் நின்றது.

"தம்பி, இங்க தொட்டுப் பாரு. ஸ்க்ரூ ஓட்டைங்ககிட்ட மட்டும் தகரம் பிதுங்கிகினு கீது. ரெண்டு ஓட்டைக்கு நடுவுல தக்கை மேல குந்தவே இல்ல. இறுக்கி இறுக்கியே கோணலாக்கிட்டானுங்க."

மூலையில் சாத்தியிருந்த பழைய முன்கண்ணாடியைத் தரையில் கிடத்தி, மூடியை அதன்மேல் வைத்தார்கள். சவரிநாதன் குப்புறப் படுத்துப் பார்த்தான். விளிம்புக்கும் கண்ணாடிக்கும் இடையே வெளிச்சம் கோடு கோடாகத் தெரிந்தது. எழுந்து உட்கார்ந்தான்.

"எத்தினி பேரு கை பட்டுது, ஒருத்தன் கண்ணுலயும் இது வுழலியேக்கா!"

இரும்புக் கட்டையில் மூடியை வைத்து அவன் சின்னச் சுத்தியலால் தட்ட, அவள் தடவிப் பார்த்துச் சொன்னாள். "இன்னும் துளி... பையத் தட்டு... ம், போதும்." கண்ணாடியில் வைத்தால் வெளிச்சம் கசியாதபடி விளிம்பு படிவதற்குள் நடுப்பகல் சங்கு ஊதிவிட்டது. சோற்றுத் தூக்கை இருவருமே திறக்கவில்லை.

அடுத்து இஞ்சின் பக்கம். குப்பை உள்ளே விழாதபடி திறந்த இடங்களிலெல்லாம் துணியை அடைத்துவிட்டு, பழைய பசையை மூங்கில் சீவலால் சுரண்டினாள். சவரிநாதன் உளியை நீட்டினான்.

"அது வேணாம்பா. இரும்பால சுரண்டுனா கீறல் வுழும். அது வழியா எண்ண எறங்கும்."

அவள் கையெடுத்தபோது அந்த இடம் கழுவிய வெண்கலத் தட்டுப் போல இருந்தது. துணிகளை ஒவ்வொன்றாக எண்ணி வெளியே எடுத்தாள். சவரிநாதன் தக்கையில் மெலிதாகப் பசை தடவி மூடியைப் பொருத்தினான். நடுவிலிருந்து ஓரத்துக்கு, ஒவ்வொரு ஸ்க்ரூவாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினான். பழக்கத்தில் கை அழுத்தப் போனதும் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

ஒரு மணி நேரம் இஞ்சின் ஓடியது. சிலுவையம்மாள் வெள்ளைத் துணியை விளிம்பைச் சுற்றி இழுத்தாள். துணியில் பொட்டுக் கறையில்லை. சவரிநாதன் அதை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

மறுவாரம் சாயங்காலம் கருணாகரனே காரை ஓட்டிக்கொண்டு வந்தார். செங்கல்பட்டு வரை போய் வந்தாராம், புகையே இல்லையாம்.

"யார்யா பாத்தது?"

"சிலுவக்கா சார். மூடி கோணிகினு கீதுன்னு கண்டுபுடிச்சதே அவங்கதான்," என்றான் சவரிநாதன்.

கருணாகரன் திரும்பிப் பார்த்தார். அவளுடைய சேலையையும் கையையும் பார்த்தார். "நல்ல ஆளுங்களா வச்சிருக்கீங்க, மேஸ்திரி," என்று திருமலையிடம் சொன்னார். பிறகு சவரிநாதனிடம், "வாய்யா, பீச் வரைக்கும் ஒரு ரவுண்டு போலாம். சத்தத்தைக் கேட்டுப் பாரு," என்றார்.

"அக்காவும் வரட்டும் சார்."

சிலுவையம்மாள் அதற்குள் எண்ணெய்ப் பிசுக்குப் போக மரத்தூளை அள்ளி உள்ளங்கையில் தேய்க்கத் தொடங்கியிருந்தாள். எத்தனையோ காரின் உள்ளுறுப்புகளைக் கழுவியிருக்கிறாள். ஒரு காரிலும் ஏறியதில்லை. விரலிடுக்கு, நகக்கண், முழங்கை வரை தேய்த்தாள்.

"மண்ணெண்ணெய் வாசனை சீட்டுல ஏறிடும்பா," என்றார் கருணாகரன் சாதாரணமாக. முன் சீட்டில் செய்தித்தாளை விரித்து, சவரிநாதனை அதன்மேல் உட்காரச் சொன்னார். அவன் தயங்கி நின்றான். மேஸ்திரி முறைத்ததும் ஏறிக்கொண்டான்.

கார் கேட்டைத் தாண்டியது. பின்கண்ணாடி வழியாக சவரிநாதன் திரும்பிப் பார்த்தான். அவள் தலையைச் சாய்த்து, கார் திருப்பத்தில் மறைகிறவரை இஞ்சின் சத்தத்தைக் கேட்டபடி நின்றாள். தட்டல் இல்லை, இழுப்பு இல்லை. ஒரே சீரான முனகல்.

"இன்னாம்மா வேடிக்க? லாரி சாமான் வந்து கெடக்குது பாரு," என்றார் திருமலை.

மரத்தூளை உதறிவிட்டு அவள் தட்டின் முன்னால் குந்தினாள். தேய்த்துத் தேய்த்து வெளுத்து, வெடிப்புகள் சிவந்து தெரிந்த இரண்டு கைகளையும் மண்ணெண்ணெய்க்குள் விட்டாள்.